கேட்டி பெக்கெட் விலக்கு: மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய குழந்தைகளின் வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவித் திட்டம் மெடிக்கெய்டு எனப்படும். அத்திட்டத்தில் 'கேட்டி பெக்கெட் விலக்கு' என்ற பெயரில் ஓர் ஏற்பாடு உண்டு. மருத்துவக் கருவிகளின் துணையோடு வாழவேண்டிய ஒரு குழந்தை, பெற்றோரின் வருமானம் எவ்வளவாக இருந்தாலும், மருத்துவமனையில் கிடப்பதற்குப் பதிலாகத் தன் வீட்டிலேயே அரசுச் செலவில் சிகிச்சை பெற இது வழிசெய்கிறது. ஐயோவா மாநிலத்தின் சீடர் ராபிட்ஸ் நகரில் பிறந்த மேரி கேத்தரின் பெக்கெட் என்ற சிறுமியின் செல்லப்பெயரே இந்த ஏற்பாட்டுக்கு வந்தது. நாட்டின் அதிபர் அவளைப் பற்றிப் பேசியபோது அவளுக்கு வயது மூன்று.

ஒரு குழந்தைக்காகச் செய்யப்பட்ட விலக்கு எப்படிச் சட்டமாயிற்று, அதனால் பெற்றோருக்கு என்ன கிடைத்தது, அவர்கள் தோளில் என்ன ஏறியது என்பவற்றை இக்கட்டுரை கூறுகிறது.

பெயரைப் பற்றி ஒரு குறிப்பு

இத்தகைய குழந்தைகளைக் குறிக்க அமெரிக்க மருத்துவத்திலும் சட்டத்திலும் 1980களில் இரண்டு தொடர்கள் பரவலாயின. 'மருத்துவ நோக்கில் நொய்ந்த குழந்தை' என்பது ஒன்று. 'கருவி சார்ந்த குழந்தை' என்பது மற்றொன்று. நம் பேச்சு வழக்கில் உள்ள 'நோஞ்சான் பிள்ளை' என்ற சொல் இவர்களுக்குப் பொருந்தாது. அது மெலிந்த, அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளையைச் சுட்டுவது, கேலியும் கலந்தது. இங்கே பேசப்படும் குழந்தைகள் தொண்டையில் துளையிட்டுப் பொருத்திய குழாய் வழியே மூச்சு விடுபவர்கள், வயிற்றில் பொருத்திய குழாய் வழியே உணவு பெறுபவர்கள், வென்டிலேட்டர் நின்றால் சில நிமிடங்களில் உயிருக்கு ஆபத்தாகிவிடக்கூடியவர்கள். நோய் குணமாகும் வரை காத்திருக்கும் நிலையும் இதுவன்று. பலருக்கு இந்நிலை ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்.

கருவிகள் காத்த உயிர்கள்

இப்படி ஒரு குழந்தைக் கூட்டம் உருவானதே இருபதாம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் இவர்கள் பிழைத்ததில்லை.

1928இல் பாஸ்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில், போலியோவால் மூச்சுத் தசைகள் செயலிழந்த எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி 'இரும்பு நுரையீரல்' என்ற பெரிய உலோக உருளைக்குள் வைக்கப்பட்டாள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலிப் டிரிங்கர், லூயிஸ் ஷா ஆகியோர் உருவாக்கிய கருவி அது. 1952இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 58,000 பேரைப் போலியோ தாக்கியது. அவர்களில் இக்கருவியால் பிழைத்தவர்கள் பலர். மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். போலியோக் குழந்தைகளின் செலவைத் தாங்க ஒரு பெரிய அமைப்பு இருந்தது. அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1938இல் தொடங்கிய தேசியப் போலியோ அறக்கட்டளை, மக்களிடம் பத்து சென்ட் நாணயங்களாகத் திரட்டிய பணத்தில் மருத்துவச் செலவுக்கு உதவியது. மூச்சுக் கருவியோடு நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பும் முயற்சிகளுக்கும் அது துணைநின்றது. 1955இல் தடுப்பூசி வந்தது. போலியோ ஓய்ந்ததும் அறக்கட்டளை பிறவிக் குறைபாடுகள் பக்கம் திரும்பியது.

அடுத்த தலைமுறை வேறு வழியில் வந்தது. 1963 ஆகஸ்டில் அதிபர் ஜான் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, நுரையீரல் முதிராமையால் இரண்டு நாளில் இறந்தான். நாட்டின் அதிபரின் பிள்ளைக்கே அன்று மருத்துவத்திடம் விடை இல்லை. 1971இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகரியும் உடன் பணியாற்றியவர்களும், தொடர் காற்றழுத்தம் கொடுத்துக் குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலைத் திறந்து வைக்கும் முறையை வெளியிட்டனர். பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகள் பெருகின. இறந்திருக்க வேண்டிய குழந்தைகள் பிழைத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் கருவியை விட்டு விலக முடியாமல் மருத்துவமனையிலேயே தங்கினார்கள். இவர்களுக்கு நாணயம் திரட்டும் அறக்கட்டளை எதுவும் இல்லை.

யார் பணம் கொடுப்பது?

அமெரிக்காவில் உழைக்கும் வயதினர் பெரும்பாலோருக்கு மருத்துவக் காப்பீடு வேலையோடு சேர்ந்தே வருகிறது. வேலை போனால் காப்பீடும் போய்விடும். அந்நாளைய காப்பீடுகளில் 'வாழ்நாள் உச்சவரம்பு' என்றொரு நிபந்தனையும் இருந்தது. ஒருவருக்காக மொத்தம் இவ்வளவு தொகைதான், அதற்குமேல் ஒரு சென்ட்டும் கிடையாது என்பது அதன் பொருள். பத்து லட்சம் டாலர் என்று எழுதியிருந்தால், அதைத் தொடவே போவதில்லை என்றுதான் ஓர் இளம் தம்பதி நினைப்பார்கள். ஆனால் மருத்துவச் செலவு ஏறிக்கொண்டே இருந்தது. நாட்டின் மொத்த உற்பத்தியில் மருத்துவத்துக்குச் செல்லும் பங்கு 1960இல் ஏறத்தாழ 5 விழுக்காடாக இருந்து 1980இல் 9 விழுக்காட்டை நெருங்கிவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் மாதக்கணக்கில் இருக்கும் குழந்தைக்குப் பத்து லட்சம் என்பது சில ஆண்டுகளுக்குக்கூடப் போதாத தொகை.

காப்பீடு தீர்ந்தால் அரசிடம் போக வேண்டும். மெடிக்கெய்டு சட்டத்தில் அதிபர் லிண்டன் ஜான்சன் 1965 ஜூலை 30 அன்று கையெழுத்திட்டார். மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து செலவைப் பகிரும் திட்டம் அது. 1972இல் நிறைவேறி 1974இல் நடைமுறைக்கு வந்த துணை வருமான உதவித் திட்டம், ஊனமுற்ற குழந்தைகளுக்கும் உதவித்தொகை வழங்கியது. பல மாநிலங்களில் அந்த உதவி பெறுவோருக்கு மெடிக்கெய்டும் தானாகக் கிடைத்தது.

சிக்கல் தகுதி விதியில் இருந்தது. குழந்தை பெற்றோருடன் வீட்டில் வாழ்ந்தால், பெற்றோரின் வருமானமும் சேமிப்பும் குழந்தைக்கும் உரியவையாகக் கருதப்படும். ஆசிரியர், எழுத்தர், ஆலைத் தொழிலாளி போன்ற நடுத்தர வருமானம் உடையவரின் குழந்தைக்குத் தகுதி இல்லாமல் போகும். அதே குழந்தை ஒரு முழு மாதத்துக்கு மேல் மருத்துவமனையில் இருந்தால், அது பெற்றோரின் குடும்பத்தில் இல்லை என்று கருதப்படும். அதன் சொந்த வருமானத்தை மட்டுமே பார்ப்பார்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு வருமானம் ஏது? உடனே தகுதி கிடைத்துவிடும்.

விதியை எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. பிள்ளையைப் பராமரிப்பது பெற்றோரின் கடமை, வசதியிருப்பவர் அரசுப் பணத்தில் கை வைக்கக் கூடாது என்பது நியாயமான கொள்கைதான். வென்டிலேட்டரோடு வீட்டுக்குப் போகக்கூடிய குழந்தை ஒன்று இருக்கும் என்று அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. குடிமையியல் பாடத்தில் சட்டம், விதி, ஆணை என்று வேறுபடுத்திச் சொல்லிக்கொடுக்கிறோம். ஒரு குடும்பத்தின் வாழ்வைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான் என்பதைப் பாடநூல்கள் அழுத்திச் சொல்வதில்லை.

இந்த விதியில் மாட்டிக்கொண்ட குடும்பங்களுக்கு இருந்த வழிகள் மோசமானவை. வேலையை விட்டு ஏழையாகலாம். தாளில் மட்டும் மணவிலக்குப் பெறலாம். பிள்ளையின் பாதுகாப்புப் பொறுப்பையே அரசிடம் எழுதிக் கொடுத்துவிடலாம். இவை எதுவும் வேண்டாமென்றால் பிள்ளையை மருத்துவமனையில் விட்டுவிட்டுப் பார்வையாளர் நேரத்தில் போய்ப் பார்த்துவரலாம்.

சீடர் ராபிட்ஸ், 1978 முதல் 1981 வரை

கேட்டி 1978 மார்ச் 9 அன்று பிறந்தாள். தந்தை மார்க் பெக்கெட். தாய் ஜூலி பெக்கெட் பள்ளி ஆசிரியை. ஐந்து மாதம் வரை குழந்தைக்கு எந்தக் குறையும் இல்லை. பிறகு வைரஸ் கிருமியால் மூளைக்காய்ச்சல் வந்தது. வலிப்பு வந்து நினைவிழந்தாள். உயிர் பிழைத்தாள், ஆனால் உடலின் பல பகுதிகள் செயலிழந்தன. தானே மூச்சு விடவும் விழுங்கவும் முடியாமல் போயிற்று. தொண்டையில் குழாய் பொருத்தி வென்டிலேட்டரோடு இணைத்தார்கள். அதன்பின் மூன்றாண்டுக்கு மேல் அவள் வளர்ந்தது மருத்துவமனையில்.

மெல்ல மெல்ல முன்னேற்றம் தெரிந்தது. நாளின் ஒரு பகுதியை வென்டிலேட்டர் இல்லாமலே கழிக்கத் தொடங்கினாள். வீட்டுக்கு அழைத்துப்போகலாம், அதுவே குழந்தையின் வளர்ச்சிக்கும் நல்லது என்பது மருத்துவர்களின் கருத்து. பெற்றோரும் கருவிகளைக் கையாளப் பழகியிருந்தார்கள். இதற்குள் காப்பீட்டின் பத்து லட்சம் டாலர் உச்சவரம்பு தீர்ந்துபோயிற்று. மருத்துவமனையில் இருந்ததால் மெடிக்கெய்டு செலவை ஏற்றது. வீட்டுக்குப் போனால் மறுநாளே அந்த உதவி நின்றுவிடும். தாய் தந்தை இருவரின் வருமானமும் கணக்கில் வந்துவிடும் அல்லவா?

வீட்டில் வைத்துப் பார்க்க ஆகும் செலவு, மருத்துவமனைச் செலவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடப் போட்டுவிடும் கணக்கு இது. அரசு ஆறு மடங்கு கூடுதலாகக் கொடுத்து ஒரு குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து வைத்திருந்தது. பெற்றோர் கையில் எடுத்த ஆயுதமும் இந்தக் கணக்குதான். கருணை காட்டுங்கள் என்று மட்டும் அவர்கள் கேட்டிருந்தால், அனுதாபக் கடிதம் ஒன்று வந்திருக்கும். விதி அப்படியே இருந்திருக்கும்.

தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் டாம் டவுக் குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர். குடும்பத்தின் கோரிக்கையை அவர் துணை அதிபர் ஜார்ஜ் புஷ்ஷிடம் கொண்டுபோனார். புஷ் அதிபர் ரொனால்ட் ரீகனிடம் சொன்னார். 1981 நவம்பர் 10 அன்று நடந்த செய்தியாளர் கூட்டத்தில் ரீகன் இந்தச் சிறுமியின் கதையைச் சொன்னார். அறிவுக்கு ஒவ்வாத அரசு விதிமுறைகளுக்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டு அது.

அந்த ஆண்டின் அரசியலை நினைவில் கொண்டால் இதிலுள்ள முரண் புரியும். சில மாதங்கள் முன்புதான் ரீகன் அரசு, மெடிக்கெய்டுக்காக மாநிலங்களுக்குத் தரும் நிதியைக் குறைக்கும் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. அரசுச் செலவைச் சுருக்க வந்தவர் அவர். வீட்டுப் பராமரிப்பு மலிவு என்பதுதான் அவரை ஈர்த்தது. அதே 1981 சட்டத்தில், முதியோர் இல்லம் போன்ற நிறுவனங்களில் சேர வேண்டியவர்களுக்கு வீட்டிலேயே சேவை தர மாநிலங்கள் விலக்குப் பெறலாம் என்ற பிரிவும் இருந்தது. வீட்டு மருத்துவப் பராமரிப்பு அமெரிக்காவில் உரிமையின் வழியாக நுழையவில்லை, சிக்கனத்தின் வழியாக நுழைந்தது என்றே நான் கருதுகிறேன். பின்னால் வந்த நன்மைக்கும் தொல்லைக்கும் வேர் இதுதான்.

செய்தியாளர் கூட்டத்துக்குப் பின் கோப்புகள் வேகமாக நகர்ந்தன. சுகாதாரத் துறைச் செயலர் ரிச்சர்ட் ஷ்வைக்கர் கேட்டிக்காக விதியைத் தளர்த்தினார். கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு அவள் வீடு வந்து சேர்ந்தாள். 1984இல் சீடர் ராபிட்ஸ் வந்தபோது ரீகன் அவளை நேரில் சந்தித்தார்.

தனி விலக்கிலிருந்து சட்டத்துக்கு

ஒரு சிறுமிக்குக் கிடைத்தது மற்றவர்களுக்கும் வேண்டாமா? இதே நிலையில் இருந்த பெற்றோர்கள் விண்ணப்பிக்கத் தொடங்கினர். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியே ஆராய முதலில் ஒரு குழு அமைத்தார்கள். பின்னர் 1982 செப்டம்பர் 3 அன்று கையெழுத்தான வரி மற்றும் நிதிப்பொறுப்புச் சட்டத்தின் 134ஆம் பிரிவு இதைப் பொது ஏற்பாடாக்கியது. வயது 18க்கு மேல் போகக் கூடாது. மருத்துவமனை அல்லது பராமரிப்பு இல்லத்தில் இருக்கவேண்டிய அளவுக்கு நோய்நிலை இருக்க வேண்டும். வீட்டில் பார்ப்பது மருத்துவ நோக்கில் தகுந்ததாக இருக்க வேண்டும். வீட்டுச் செலவு நிறுவனச் செலவைத் தாண்டக் கூடாது. இவை நிறைவேறினால் பெற்றோரின் வருமானம் கணக்கில் வராது. சட்ட மொழியில் இது விலக்கு ஆகாது. மாநிலங்கள் விரும்பினால் ஏற்கக்கூடிய தெரிவு. ஆனாலும் மக்கள் நாவில் முதலில் ஏறிய பெயரே நிலைத்துவிட்டது.

'மாநிலங்கள் விரும்பினால்' என்ற அந்தச் சொற்களை அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும்.

அதே ஆண்டு டிசம்பரில் நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி எவரெட் கூப், பிலடெல்பியாக் குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு பயிலரங்கைக் கூட்டினார். வென்டிலேட்டரில் வாழும் குழந்தைகளும் அவர்களின் குடும்பங்களுமே பொருள். கூப் அதே மருத்துவமனையில் பல ஆண்டுகள் குழந்தை அறுவை மருத்துவராக இருந்தவர். 1987இல் அவர் வெளியிட்ட அறிக்கை, குடும்பத்தை மையமாக வைத்து, சொந்த ஊரிலேயே, ஒருங்கிணைந்த முறையில் சிகிச்சை தரவேண்டும் என்றது. பெற்றோரை வெறும் பார்வையாளர்களாக நடத்திவந்த மருத்துவமனைகளுக்கு அது புதிய பேச்சு.

ஆறில் ஒரு பங்கு எப்படி வந்தது?

இக்கட்டுரையில் நான் அதிகம் நின்று பார்க்க விரும்பும் இடம் இது. மருத்துவமனையில் ஆறு ரூபாய் ஆகும் வேலை வீட்டில் ஒரு ரூபாயில் எப்படி முடிகிறது? வென்டிலேட்டர் அதே வென்டிலேட்டர். குழாய் அதே குழாய். தொண்டைக் குழாயில் சளி அடைத்தால் உறிஞ்சி எடுக்க வேண்டும். பகல் இரவு பாராமல், சில நாட்களில் மணிக்குப் பலமுறை. குழாய் நழுவினால் மறுகணமே மாற்ற வேண்டும். கருவி ஒலி எழுப்பினால் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும். மின்சாரம் நின்றால் மின்கலத்துக்கு மாற்றி, அதுவும் தீர்ந்தால் கையால் அழுத்தும் காற்றுப் பையைக் கொண்டு மூச்சுக் கொடுக்க வேண்டும். உணவைக் குழாய் வழியே அளந்து செலுத்த வேண்டும். மருந்து வேளை தவறக் கூடாது.

மருத்துவமனையில் இவற்றை மூன்று முறைகளில் மாறி மாறி வரும் செவிலியர் செய்கிறார்கள்; அதற்குச் சம்பளம் உண்டு. கட்டடம், மின்சாரம், துப்புரவு, மேற்பார்வை எல்லாமே கட்டணத்தில் சேர்கின்றன. வீட்டில் செவிலியர் சில மணி நேரம் வருவார். மற்ற நேரம் முழுதும் தாயோ தந்தையோதான் செவிலியர். அவர்களுக்குச் சம்பளம் இல்லை. முறை மாற்ற ஆள் இல்லை. வீடு அவர்களுடையது, மின்கட்டணமும் அவர்களுடையது. ஆறில் ஒரு பங்கு என்ற கணக்கில் இவை எதுவும் எழுதப்படவில்லை.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் 1987இல் கருவி சார்ந்த குழந்தைகளின் மருத்துவமனைச் செலவையும் வீட்டுச் செலவையும் ஒப்பிட்டு ஓர் அறிக்கை தந்தது. வீட்டுப் பராமரிப்பு மலிவாவது பெரும்பாலும் குடும்பத்தார் ஊதியமின்றிச் செவிலியர் வேலையைச் செய்வதால்தான் என்பது அதில் தெளிவாக வெளிப்பட்டது. முழு நேரமும் சம்பளச் செவிலியரை வைத்தால் மிச்சம் கரைந்துவிடும்.

இதை எடுத்துச் சொல்வதால் அந்த ஏற்பாட்டைக் குறை கூறுவதாகக் கொள்ள வேண்டாம். எந்தப் பெற்றோரும் பிள்ளையைத் திரும்ப மருத்துவமனைக்கு அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் செலவு குறைந்துவிட்டது என்று அரசு எழுதிக்கொண்டபோது, அதன் பெரும்பகுதி இடம் மாறித்தான் இருந்தது. அரசுக் கணக்கிலிருந்து தாயின் தூக்கத்துக்கு மாறிவிட்டது.

காப்பீடு வேலையோடு பிணைந்திருப்பதால் இன்னொரு முடிச்சும் விழுந்தது. பெற்றோரில் ஒருவர் பிள்ளைக்காக வேலையை விட வேண்டும். மற்றவர் என்ன கொடுமை நேர்ந்தாலும் வேலையை விடக் கூடாது. விட்டால் காப்பீடு போய்விடும். நல்ல வேலை வேறு மாநிலத்தில் கிடைத்தாலும் போக முடியாது, ஏனென்றால் மெடிக்கெய்டு விலக்கு மாநில எல்லையோடு நின்றுவிடும். புதிய மாநிலத்தில் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட செவிலியர் நேரமும் தாளில்தான் இருக்கும். வீட்டுச் செவிலியருக்கு மருத்துவமனையை விடச் சம்பளம் குறைவு என்பதால் ஆள் கிடைப்பதில்லை. வாரத்துக்கு இத்தனை மணி என்று உத்தரவு இருக்கும். இரவு பதினோரு மணிக்கு வரவேண்டியவர் வரமாட்டார். காலையில் வேலைக்குப் போகவேண்டிய தந்தை விழித்திருப்பார்.

பெற்றோர் அமைப்பாகத் திரண்டது

மகள் வீடு வந்ததும் ஜூலி பெக்கெட் ஓய்ந்துவிடவில்லை. தொலைபேசியிலும் கடிதத்திலும் பிற பெற்றோர்கள் அவரைத் தேடி வந்தனர். 1990களின் தொடக்கத்தில் அவரும் வேறு சில தாய்மாரும் சேர்ந்து 'ஃபேமிலி வாய்சஸ்' என்ற அமைப்பை உருவாக்கினர். சிறப்பு மருத்துவத் தேவையுள்ள குழந்தைகளின் குடும்பங்களுக்கு வழிகாட்டுவதும், கொள்கை வகுப்போரிடம் பேசுவதும் அதன் வேலை. விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது, மறுத்தால் எப்படி மேல்முறையீடு செய்வது என்பவை போன்ற சிறு செய்திகளே இக்குடும்பங்களுக்குப் பெரிய உதவி என்பதை ஓர் ஆசிரியையால் எளிதில் புரிந்துகொள்ள முடிந்திருக்கும்.

ஜூலி முன்னின்று வாதாடிய சீர்திருத்தங்களில் ஒன்று 2006 பிப்ரவரியில் சட்டமானது. வறுமைக்கோட்டின் மூன்று மடங்கு வரை வருமானம் உள்ள குடும்பங்கள் ஊனமுற்ற குழந்தைக்காகக் கட்டணம் செலுத்தி மெடிக்கெய்டில் சேர அது இடம் தந்தது. இதுவும் மாநிலங்கள் விரும்பினால்தான்.

கேட்டியின் குடும்பத்தை முதலில் தாக்கிய வாழ்நாள் உச்சவரம்பு ஒழிய 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதிபர் பராக் ஒபாமா அந்த ஆண்டு மார்ச் 23 அன்று கையெழுத்திட்ட மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், இன்றியமையாத மருத்துவச் சேவைகளுக்கு உச்சவரம்பு வைப்பதைத் தடை செய்தது. ஏற்கெனவே உள்ள நோயைக் காரணம் காட்டிக் குழந்தைகளுக்குக் காப்பீடு மறுப்பதையும் தடுத்தது. அதற்குள் நாட்டு உற்பத்தியில் மருத்துவச் செலவின் பங்கு 17 விழுக்காட்டை எட்டியிருந்தது. 2017இல் அந்தச் சட்டத்தை நீக்க முயற்சி நடந்தபோது, தொண்டைக் குழாயும் சக்கர நாற்காலியுமாகப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெற்றோர்கள் செனட் உறுப்பினர்களின் அலுவலகங்களுக்குப் படியேறினர். 'லிட்டில் லாபியிஸ்ட்ஸ்' என்ற அமைப்பு அப்போது பிறந்தது. ஜூலை இறுதியில் நீக்க மசோதா 49க்கு 51 என்ற வாக்குகளில் தோற்றது.

கேட்டியின் பிற்கால வாழ்வு

கேட்டி பள்ளிக்குச் சென்றார். இரவில் வென்டிலேட்டர், பகலில் பாடம் என்று வளர்ந்தார். தம் ஊரில் உள்ள மவுண்ட் மெர்சி கல்லூரியில் படித்து 2001இல் பட்டம் பெற்றார். ஊனமுற்ற இளைஞர்களின் சார்பாகக் கூட்டங்களிலும் அரசுக் குழுக்களிலும் பேசினார். உதவியாளர்களின் துணையோடு தனி வீட்டில் வாழ்ந்தார். 'எல்லாருக்கும் தெரிந்த அந்தச் சிறுமி'யாகவே இருந்துவிடாமல், தம் வாழ்வைத் தாமே நடத்த விரும்பினார். 2012 மே 18 அன்று சீடர் ராபிட்ஸில், குழந்தைப் பருவத்தைக் கழித்த அதே செயின்ட் லூக்ஸ் மருத்துவமனையில் காலமானார். வயது 34. அவர் பெயரால் அமைந்த ஏற்பாட்டின் மூலம் அதற்குள் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் வீட்டிலேயே சிகிச்சை பெற்றிருந்தனர். தாய் ஜூலி 2022 மே மாதம், 72ஆம் வயதில் மறைந்தார்.

இன்றைய நிலை

மாநிலங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இந்த ஏற்பாட்டைக் கையாள்கின்றன. சில மாநிலங்கள் 1982 சட்டத்தின் தெரிவை அப்படியே ஏற்றன. அங்கே தகுதியுள்ள குழந்தை எதுவாயினும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எண்ணிக்கை வரம்பு கிடையாது. வேறு சில மாநிலங்கள் 1981ஆம் ஆண்டு விலக்கு வழியைத் தேர்ந்தன. அதில் இத்தனை பேர்தான் என்று வரம்பு வைக்கலாம். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். எல்லா வயதினரையும் சேர்த்து, இத்தகைய வீட்டுச் சேவை விலக்குகளுக்காகக் காத்திருந்தோர் அல்லது பெயர் பதிந்திருந்தோர் 2024இல் நாடு முழுதும் ஏறத்தாழ ஏழு லட்சம் பேர். டென்னசி மாநிலம் இந்த வழியைத் திறந்தது 2020இல்தான்; கேட்டி வீடு திரும்பி முப்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து.

அவள் பெற்றோரை மாட்டிவைத்த அடிப்படை விதி இன்றுவரை நீக்கப்படவில்லை. வீட்டில் வாழும் குழந்தையின் தகுதியைப் பார்க்கும்போது பெற்றோரின் வருமானம் இன்றும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. விலக்குக் கிடைத்த குழந்தைகளுக்கு மட்டும் அது இல்லை.